திருமதி மூட்டைப்பூச்சியின் பின் பிரேக்

உலகத்தில் இதுவரை பிறந்த, இனிமேல் பிறக்கப்போகிற அத்தனை மெக்கானிக்குகளையும் ஒரே வரிசையில் நிற்கவைத்தால் முதல் ஆளாக எங்கள் சித்தி நிற்பாள். இரண்டாவது இடம் காலியாக இருக்கும். அந்த இடத்துக்குத் தகுதியான ஆள் இன்னும் வரவில்லை. மற்றவர்கள் எல்லாம் மூன்றிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். சந்திரனுக்கு ராக்கெட் விடுகிறவர்கள் போகிற வழியில் ஏதாவது கழன்றுவிட்டால் சித்திக்குத்தான் போன் போட வேண்டும். அவளும் எடுப்பாள். “கம்பி இருந்தா இப்போதைக்குக் கட்டி வைங்க. ஒன்பது மணிக்கு மேல வரேன், ஒருத்தருக்கு ரத்தம் எடுத்துட்டு இருக்கேன்” என்பாள்.

ஏனென்றால் தொழில்படி சித்தி மெக்கானிக்கே இல்லை. வீடு வீடாகப் போய் ரத்தமும் சிறுநீரும் வாங்கி வந்து லேபில் கொடுப்பது அவள் வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் எட்டு வீடு, வாரத்தில் நாலு நாள், மொத்தம் முப்பத்திரண்டு வீடு. படுக்கையில் கிடப்பவர்கள், படி இறங்க முடியாதவர்கள், கையில் நரம்பே தென்படாதவர்கள். அடுத்தவர்கள் மூன்று தடவை குத்தித் தேடுகிற நரம்பைச் சித்தி விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். ஒரே குத்துதான். அதனால் அந்த வீடுகளில் அவளுக்கு ஒத்தைக்குத்து அம்மா என்று பெயர்.

அவளுடைய வண்டியின் பெயர் மூட்டைப்பூச்சி. இது நான் வைத்தது. பழுப்புச் சிவப்பு நிறம், சப்பையான உடம்பு, நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வெளியே நின்றுதான் மூச்சுவிட வேண்டும். வயது இருபத்து மூன்று, என்னைவிட ஏழு வயது மூத்தது. ஆனாலும் என்னைவிடச் சொன்ன பேச்சு கேட்கும் என்பது சித்தியின் கருத்து.

சித்தப்பா வீட்டைவிட்டுப் போனபோது புது வண்டியை எடுத்துக்கொண்டு போனார். “பழசு இங்கயே கிடக்கட்டும், பாவம்” என்று சொன்னாராம். அந்தப் பாவம் வண்டியா சித்தியா என்று அவர் விளக்கவில்லை. போன மூன்றாம் நாளே மூட்டைப்பூச்சி நடுரோட்டில் நின்றது. சித்தி பானெட்டைத் திறந்து பார்த்தாள், ஒன்றும் புரியவில்லை. டாஷ்போர்டுப் பெட்டியில் வண்டியோடு கொடுத்த புத்தகம் கிடந்தது. அதை எடுத்து ஸ்டியரிங்மேல் சாய்த்துவைத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பின்னால் பஸ்காரர், லாரிக்காரர் எல்லோரும் ஹாரன் அடிக்க அடிக்கப் படித்தாள். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் வண்டி கிளம்பியது. அதற்கப்புறம் பதினோரு வருஷமாக அந்த வண்டியை வேறு எவர் கையும் தொட்டதில்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்தது போன வருஷம். தலைமையாசிரியர் அறைக் கடிகாரத்தை முக்கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன், பள்ளிக்கூடமே முக்கால் மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போனது. ஆயிரத்து இருநூறு பேருக்கு நல்லது செய்த ஒருத்தியைப் பத்தாம் வகுப்போடு வெளியே அனுப்பினார்கள். அம்மாவுக்கு வெளியூர் வேலை. என்னைக் கொண்டுவந்து தங்கச்சி வீட்டில் இறக்கிவிட்டு, “இதையும் கொஞ்சம் ஓட வை” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சித்தி வண்டியைக் கழற்றுவதைப் பார்த்தால் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கும். கையுறை போட்டுக்கொள்வாள். நட்டைத் தொடுவதற்கு முன்னால் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பாள். கழற்றின திருகுகளை, தேதி முடிந்து லேபில் தூக்கிப்போடுகிற ரத்தக் குப்பிகளில் போட்டு மூடுவாள். எஞ்சின் திருகு சிவப்பு மூடி, கார்புரேட்டர் திருகு ஊதா மூடி, கதவுத் திருகு சாம்பல் மூடி. ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டி, எடுத்த தேதி, எடுத்த நேரம், எடுத்த இடம் என்று எழுதுவாள். கார்புரேட்டர் ஜெட் அடைத்துக்கொண்டால் சிரிஞ்சால் பெட்ரோலைப் பீய்ச்சுவாள். ஓட்டை விழுந்த சைலன்சருக்குப் பால்பவுடர் டின்னை வெட்டிச் சுற்றி இரண்டு கிளாம்ப் போட்டிருக்கிறாள். கண்ணாடி கீழே இறங்காமல் இருக்க ஒரு ரப்பர் ஆப்பு, உள்பக்கக் கைப்பிடிக்குப் பதில் அலமாரிக் கைப்பிடி. ஸ்பேனரைப் போட்டு முறுக்கும்போது பழக்க தோஷத்தில் வண்டியிடம், “கொஞ்சம் சுருக்குனு இருக்கும், கையை ஆட்டாதீங்க” என்பாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியைப் பார்த்துத்தான் அந்த முத்திரை ஆள் அப்படிக் கேட்டார்.

தகுதிச் சோதனைக் கூடத்தில் வண்டிகளுக்குச் சான்று கொடுக்கிறவரைத்தான் நான் முத்திரை என்கிறேன். ஒரு கையில் முத்திரை, இன்னொரு கையில் மை பேட். அந்த இரண்டையும் கீழே வைத்துவிட்டு வண்டியைத் தொட்டுப் பார்க்கிற வழக்கம் அவரிடம் இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வண்டி நின்றது. கறுப்பாகப் புகை விட்டது. ஓட்டினவர் இறங்கக்கூட இல்லை, கண்ணாடியை அரையடி இறக்கினார், முத்திரை விழுந்தது, போய்விட்டார். அந்தப் புகையில் நாங்கள் இருமிக்கொண்டே முன்னால் போனோம்.

முத்திரை எங்கள் வண்டியைப் பார்க்கவில்லை. காகிதத்தில் வருஷத்தைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியது.

“இருபத்து மூணு வருஷமா? இன்னுமா ஓடுது?”

“ஓட்டித்தான் சார் கொண்டு வந்தோம். தலையில தூக்கிட்டு வரல” என்றேன் நான்.

“நீ சும்மா இருடி” என்றாள் சித்தி.

பின் சக்கரங்களை உருளைமேல் ஏற்றிப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார்கள். கருவியில் வலது பக்கத்து முள் எழுந்தது, இடது பக்கத்து முள் பாதியிலேயே நின்றது. இடது பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. உண்மைதான் என்று சித்தியே ஒப்புக்கொண்டாள். உண்மையை உடனே ஒப்புக்கொள்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு. அந்த ஆளும் ‘இடது பின் பிரேக்’ என்று எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அவர் எழுதினது இது: ‘வயது காரணமாகப் பாதுகாப்பற்ற வாகனம். பத்தாம் நாள் மறுசோதனை. தவறினால் பதிவு ரத்து.’

“சார், அந்தப் பத்து நாள் ஓட்டலாமா?” என்று கேட்டாள் சித்தி.

“ஓட்டலாம்.”

பாதுகாப்பில்லாத வண்டியைப் பத்து நாள் ஓட்டலாமாம். பதினோராம் நாள்தான் அது கொலை செய்ய ஆரம்பிக்குமாம். இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. கடிகாரத்தை முன்னால் தள்ளினால் மட்டும் ஊரைக் கூட்டுகிறார்கள்.

வண்டி போனால் சித்திக்கு வேலை போகும். லேபில் சொந்த வண்டி இருக்கிறவர்களுக்குத்தான் வீட்டு ரூட். அந்த ரூட்டை எப்போது பிடுங்கலாம் என்று லேப் மேனேஜர் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு மச்சினன், மச்சினனிடம் ஒரு புது வண்டி, அந்த வண்டிக்கு ஒரு வேலை வேண்டும்.

மறுநாள் வண்டிக் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனோம். பாகம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான். டை கட்டின ஒரு பையன் வந்தான். அவன் கை அவ்வளவு சுத்தமாக இருந்தது, பார்த்தவுடனேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

“பிரேக் சிஸ்டத்தையே மாத்தணும் மேடம்.”

“இடது பக்க சிலிண்டர் ஒண்ணுதான் தம்பி கோளாறு.”

“நாங்க தனியா பண்ணமாட்டோம் மேடம். முழு சிஸ்டம்தான். ஆனா இந்த மாடலுக்கு இப்ப சிஸ்டம் வர்றதில்ல.”

“அப்ப எப்படி மாத்துவீங்க?”

“மாத்த முடியாது மேடம்.”

“முடியாததைத்தான் மாத்தியே ஆகணும்கறீங்களா?”

அவன் சிரித்துக்கொண்டே புது வண்டிப் படம் போட்ட வழவழப்பான காகிதம் ஒன்றை நீட்டினான். சித்தி மரியாதையாக வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அதைத் தரையில் விரித்து, அதன்மேல் இடது பின் சக்கரத்தின் அழுக்கையெல்லாம் தட்டினாள். அந்தக் காகிதத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே பிரயோஜனம் அதுதான்.

சக்கரத்தைக் கழற்றி டிரம்மை உருவினால் உள்ளே ஈரம். பிரேக்கை மிதிக்கும்போது எண்ணெய் வந்து ஒரு சின்ன சிலிண்டரைத் தள்ளும், சிலிண்டர் பிரேக் கட்டையைத் தள்ளும், கட்டை டிரம்மைப் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம். அந்தச் சிலிண்டருக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு ரப்பர் இருக்கிறது. அது உப்பி, கிழிந்து, எண்ணெயை ஒழுகவிட்டிருந்தது. முழு சிஸ்டம் என்று டை கட்டின பையன் சொன்னதும், வயது என்று முத்திரை எழுதினதும் இந்த இரண்டு ரப்பரைத்தான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேஜையில் வைத்துவிட்டு வரலாமா என்று கேட்டேன்.

“வச்சா மட்டும் அவங்களுக்கு இது என்னன்னு தெரியுமா?” என்றாள் சித்தி.

ரப்பருக்காக ஐந்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஏறி இறங்கினோம். ஐந்தாவது கடைக்காரர் பரணில் ஏறித் தூசியோடு ஒரு பொட்டலத்தை இறக்கினார். இரண்டு சக்கரத்துக்கும் ஆகிற மாதிரி நாலு ரப்பர் இருந்தது. சிலிண்டரின் உள்பக்கத் துருவை நைசான உப்புத்தாளால் சித்தி வட்ட வட்டமாகத் தேய்த்தாள். ஸ்பிரிட்டால் கழுவினாள். வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தாள். புது ரப்பரைப் போட்டு, புதுக் கட்டை வைத்து மூடினாள்.

அடுத்தது காற்றை வெளியேற்றுவது. எண்ணெய்க் குழாயில் காற்று நின்றால் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும், பிடிக்காது. சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னக் காம்பில் சித்தி குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபை மாட்டினாள். டியூபின் இன்னொரு முனைக்கு ஒரு டப்பா வேண்டும். கைக்கு எட்டினது சிறுநீர் சாம்பிள் டப்பாதான். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், அவள் கீழே படுத்துக்கொண்டு காம்பைத் திறந்து மூட வேண்டும்.

“மிதி.”

“மிதிச்சாச்சு.”

“அப்படியே பிடி. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத.”

ஐந்தாவது தடவை எனக்குப் போரடித்தது. காலை எடுத்தேன். டியூபில் வந்த எண்ணெய் கடகடவென்று பின்னால் போய்க் காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

“அடியே!”

“கால் மரத்துப்போச்சு சித்தி.”

“தலைல ஸ்பேனர் விழுந்தா அதுவும் மரத்துப்போகும். முதல்லேர்ந்து மிதி.”

முதலிலிருந்து மிதித்தேன். கடைசியில் டியூபில் குமிழி இல்லாமல் சுத்தமான எண்ணெய் வந்தது. டப்பா நிறையப் பழைய பிரேக் எண்ணெய். காப்பி நிறத்தில், நாலு நாளாகத் தண்ணீரே குடிக்காத ஒருவருடைய சாம்பிள் மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விரல் துறுதுறுத்தது. சித்தி கை கழுவப் போன நேரத்தில் ஒரு லேபிள் எடுத்து எழுதி ஒட்டினேன். பெயர்: திருமதி மூட்டைப்பூச்சி. வயது: 23. பெண். வெறும் வயிறு. எழுதி, மறுநாள் எடுத்துப் போகிற சாம்பிள் பெட்டியில், சிறுநீர் டப்பாக்கள் வைக்கிற கீழ்த்தட்டில் வைத்தேன். முதல் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் பார்ப்பாள், ஒரு நிமிஷம் திகைப்பாள், அப்புறம் சிரிப்பாள். அவள் சிரித்து அஞ்சு நாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் மறுநாள் விடிகாலையில் எழுந்து நானும் கூடப் போனேன்.

அன்றைக்கு எட்டு வீட்டிலும் ரத்தம் மட்டும்தான். கீழ்த்தட்டைத் திறக்க வேண்டிய வேலையே வரவில்லை. நானே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஜோக் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பெட்டி நேராக லேபுக்குள் போனது. எடுத்து நானே ஒளித்துவிடலாம் என்று பின்னாலேயே ஓடினேன், கதவைச் சாத்திவிட்டார்கள்.

உள்ளே சோதனை செய்கிற அக்கா ரொம்பக் கடமையுள்ளவர். எதையும் சந்தேகப்படாமல் சோதித்தார். நனைத்த பட்டையிலிருந்த கலரெல்லாம் இளகி ஓடிவிட்டதாம். அறிக்கையில், ‘நிறம்: காப்பி. மணம்: ஒர்க்‌ஷாப். மற்றவை: கருவியால் அளக்க இயலவில்லை’ என்று எழுதி லேப் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர், “இந்தம்மா இன்னும் உயிரோட இருக்காங்களா? உடனே அட்மிட் பண்ணுங்க!” என்று கத்தினாராம். அரைமணி நேரம் லேபே திருமதி மூட்டைப்பூச்சியைத் தேடியது.

கடைசியில் மேனேஜர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தார். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“யாரும்மா இது, திருமதி மூட்டைப்பூச்சி?”

சித்தி டப்பாவைப் பார்த்தாள். லேபிளைப் பார்த்தாள். கோழி கிளறின மாதிரி இருக்கும் என் கையெழுத்து. அதை அடையாளம் காண அவளுக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னாள்:

“என் பெட்டில இருந்தது சார். என் பொறுப்பு.”

“ஓட்ட லாயக்கில்லாத வண்டி, சோதிக்க லாயக்கில்லாத சாம்பிள். நாங்க லேப் நடத்தறோமா, இல்ல ஒர்க்‌ஷாப் நடத்தறோமா? நாளைலேர்ந்து என் மச்சினன் போவான். புது வண்டி. வீட்டு முன்னாடி வந்து நின்னா பாக்கறவங்களுக்கே ஒரு நம்பிக்கை வரும்.”

“சார், ஊசி குத்தப்போறது வண்டியா, ஆளா?” என்றேன்.

சித்தி என் காலை மிதித்தாள். நேற்றைக்குப் பிரேக் மிதித்த அதே கால்.

“சான்று கொண்டு வந்தா ரூட்டைத் திருப்பித் தருவீங்களா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

“கொண்டு வாங்க, பாக்கலாம்” என்றார். அவர் ‘பாக்கலாம்’ என்று சொன்ன விதத்தைக் கேட்டால் யாருக்கும் புரியும், பார்க்கமாட்டார் என்று.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் திட்டு விழும் என்று காத்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, “வலது பின் சக்கரம் பாக்கி இருக்கு. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா மறுபடி சமமா பிடிக்காது. சாப்பிட்டு வந்து பிரேக்கை மிதி” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். அன்றைக்கு அவள் ‘விடு’ என்று சொல்கிற வரைக்கும் காலை எடுக்கவில்லை. நிஜமாகவே மரத்துப்போனது. சொல்லவில்லை.

அப்புறம் நாலு நாள் சித்தி வீட்டிலேயே இருந்தாள். காலை ஐந்து மணிக்குப் பழக்கத்தில் எழுந்துவிடுவாள். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் வண்டியைக் காலி மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போவாள். பின் சக்கரங்களை நனைத்து, சாக்பீஸ் கோட்டிலிருந்து பிரேக் போட்டு, தரையில் விழுந்த இரண்டு ஈரத் தடங்களையும் டேப்பால் அளப்பாள். இடது தடம் நாலு விரல்கடை நீளமாக இருந்தால் இறங்கிப் பிரேக்கை இறுக்குகிற திருகை ஒரு பல் திருகுவாள். மறுபடி ஓட்டுவாள். இரண்டு தடமும் ஒன்றாக நிற்கிற வரைக்கும் விடவில்லை. சோதனைக் கூடத்தில் அந்த உருளைக்கு ஒரு கட்டடமே கட்டியிருக்கிறார்கள். சித்தி ஒரு வாளித் தண்ணீரில் முடித்தாள்.

அவள் மைதானத்தில் இருக்கும் நேரத்தில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. பாசத்தில் செய்தேன் என்று யாராவது நினைத்தால் அவர்கள் வீட்டு அழைப்பு மணியைத் தினமும் அடித்துவிட்டு ஓடுவேன். எனக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.

முதலில் போனது கணக்கு டீச்சர் வீடு. ரிட்டயர் ஆகிப் படுக்கையில் இருப்பவர், கையில் நரம்பைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மச்சினன் வந்தார். தலைமேல் கறுப்புக் கண்ணாடி, விரலில் சுழலுகிற சாவி. டீச்சர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

“அண்ணா, எனக்கும் ஒரு சர்க்கரை டெஸ்ட் எடுங்க. முதல்ல எனக்கு” என்று கையை நீட்டினேன்.

“உட்காரு பாப்பா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

எறும்பு இல்லை, கட்டெறும்புக் கூட்டம். குத்தினார், ரத்தம் வரவில்லை. “நரம்பு நகருது பாப்பா” என்றார்.

“நகரலண்ணா. உங்களைப் பாத்துப் பயந்து ஓடுது.”

மறுபடி குத்தினார். என் கண்ணில் தண்ணீர் வந்தது, ரத்தம் வரவில்லை. மூன்றாவதில்தான் கிடைத்தது. என் கை முருங்கைக்காய் மாதிரி இருக்கும், நரம்பு வெளியே புடைத்துக்கொண்டு தெரியும். அதிலேயே மூன்று என்றால்! டீச்சர் மூன்றையும் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துத் தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

“எனக்கு வேணாம்.”

“டாக்டர் எழுதியிருக்கார் மேடம்.”

“அப்ப டாக்டரையே வந்து எடுக்கச் சொல்லு. அந்தம்மா வர்ற வரைக்கும் என் கை போர்வைக்குள்ளதான் இருக்கும். உங்க மேனேஜர் நம்பர் என்ன?”

அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதை அப்படியே சைக்கிளில் எடுத்துக்கொண்டு மற்ற வீடுகளுக்குப் போனேன். சித்தியின் பழைய பட்டியல் சமையலறை ஆணியில் தொங்குகிறது, அதனால் விலாசத்துக்குக் கஷ்டமில்லை. எதற்கு ரூட்டைப் பிடுங்கினார்கள், யார் டப்பா வைத்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் என்னை நன்றாகத் திட்டினார்கள், திட்டிவிட்டுப் போனை எடுத்தார்கள். அவசரம் என்று டாக்டர் எழுதியிருந்த இரண்டு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. எனக்கும் புத்தி உண்டு.

பத்தாம் நாள் வந்தது. முத்திரை எங்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

“மறுபடியும் கொண்டு வந்துட்டீங்களா?”

“நீங்கதானே சார் வரச் சொன்னீங்க” என்றாள் சித்தி.

உருளைமேல் ஏற்றினார்கள். சித்தி பிரேக்கை மிதித்தாள். இரண்டு முள்ளும் ஒன்றாக எழுந்து ஒரே இடத்தில் நின்றன. கருவியில் கோளாறு என்று இரண்டாவது தடவை மிதிக்கச் சொன்னார். அதே இடம். மூன்றாவது தடவை அவரே ஏறி உட்கார்ந்து மிதித்தார். அதே இடம். அவருக்குப் பிடிக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய ஆள், ரோட்டில் ஒரு பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டிய ஆள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“எந்த ஒர்க்‌ஷாப்ல பாத்தீங்க?”

“எங்க வீட்டு வாசல்ல.”

“பில்?”

“எதுக்கு சார் பில்? ரோட்டுல குழந்தை குறுக்கே வந்தா பிரேக்கைத்தானே மிதிக்கணும். பில்லையா காட்ட முடியும்?”

“அங்கீகாரம் உள்ள இடத்துல செஞ்சதுன்னு பில் வேணும்மா. ரூல்.”

சித்தி குரலை உயர்த்தவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைச் சுட்டிக்காட்டினாள். “உங்க தலைக்குப் பின்னாடி எதையெல்லாம் சோதிக்கணும்னு பதினாலு வரி போட்டிருக்கீங்க. போன தடவை வரிசைல நிக்கும்போது படிச்சேன், இப்பவும் படிச்சேன். பில்னு ஒரு வரி இல்ல. இருந்தா காட்டுங்க, போய் வாங்கிட்டு வரேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார். தன் தலைக்குப் பின்னால் அப்படி ஒரு காகிதம் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தார் என்று சத்தியம் செய்வேன். எங்களுக்குப் பின்னால் நின்றவர்களும் எட்டிப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் சத்தமாகவே படித்தார். முத்திரை விழுந்தது. ஓரமாக, சாய்வாக, பாதி மை இல்லாமல் விழுந்தது. விழுந்தால் போதும்.

அங்கிருந்து நேராக லேபுக்குப் போனோம். சித்தி சான்றை மேஜையில் வைத்தாள். மேனேஜர் அதைப் பார்க்கவே இல்லை. மேஜைப் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைலேர்ந்து நீங்களே போங்கம்மா” என்றார். “முதல்ல இந்தப் போனை நிறுத்தச் சொல்லுங்க. மூணு நாளா தூங்கல. என்ன போர்வை, எதுக்குப் போர்வைன்னே எனக்குப் புரியல.”

சித்திக்கும் புரியவில்லை. எனக்கு இருமல் வந்தது, வெளியே போய்விட்டேன்.

வண்டியில் ஏறினோம். என் பக்கக் கதவை உள்ளே இருந்து தோளால் இடித்துத்தான் சாத்த வேண்டும். நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். இடிக்கவில்லை, மறு கையை நீட்டி இழுத்துச் சாத்தினேன். சித்தி சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

“போன் பண்ணினவங்க பட்டியலை மேனேஜர் காட்டினார். முப்பது வீட்டுல ஒரே வாக்கியம் சொல்லியிருக்காங்க. ஒரு வார்த்தைகூட மாறல.”

“மக்கள் ஒற்றுமை சித்தி.”

“முப்பது வீடு. அவசரக் கேஸ் ரெண்டை மட்டும் விட்டுட்டு.”

“அது தற்செயல்.”

“இந்த வெயில்ல எதுக்குடி முழுக்கைச் சட்டை?”

“ஃபேஷன்.”

“மடி.”

“என்னது?”

“சட்டைக் கையை மடி.”

மடித்தேன். முழங்கை மடிப்பில் ஊதாவும் பச்சையுமாக இருந்தது. சித்தி என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நுனியால் மெதுவாகத் தடவினாள். வலிக்கவே இல்லை.

“முதல் குத்து மேல போட்டு நரம்பைத் தாண்டிட்டான். ரெண்டாவது ஓரம். மூணாவதுல கிடைச்சிருக்கு, ஆனா பஞ்சை அழுத்திப் பிடிக்கல, அதான் இப்படிக் கன்னிப்போயிருக்கு. இவ்வளவு பெரிய நரம்பு!” கன்னிப்போன இடத்தில் அவள் விரல் நின்றது. “யாருடி குத்தினது?”

“கொசு சித்தி.”

“கொசு எந்த லேப்ல வேலை பாக்குது?”